நாணலுக்குள் கேட்ட விசில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதில் நான் கைச்சரக்கு எதையும் சேர்க்கவில்லை. கட்டுக்கதையாக இருந்தால் முடிவையாவது மாற்றியிருப்பேன்.

ஏரிப் பறவைகளைக் கணக்கெடுப்பது என் வேலை. துணைக்கு வருவான் என் மனைவியின் தம்பி. "போகும்போது ரெண்டு பேர். வரும்போதும் ரெண்டு பேரான்னு எண்ணிட்டு வாங்க" என்று அவள் ஒவ்வொரு முறையும் கிண்டல் செய்வாள்.

விடியும் முன்பே நாணலுக்குள் போய் நின்றுவிட வேண்டும். வாயைத் திறந்தால் போச்சு, வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். அதனால் பேச்சுக்குப் பதில் விசில். அதுவும் ஏரிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு மலைப்பறவையின் குரலில். அப்போதுதான் கணக்கு குழம்பாது. எனக்கு இரண்டு இழுப்பு, மச்சானுக்கு மூன்று.

அந்த விடியலுக்கு ஒரு வாரம் முன்புதான் ஆழத்தில் ஒரு கம்பம் நட்டு, ஒலிப்பதிவுப் பெட்டியைக் கட்டியிருந்தோம். இரவில் கேட்கும் குரல்களையெல்லாம் அது பதிவு செய்யும். படகில் இருந்தபடியே இருவரும் விசிலைப் பழகிப் பார்த்தோம்.

"மாமா, உங்க விசில் குக்கர் மாதிரி இருக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று நல்ல பனிமூட்டம். வண்டியை நிறுத்தியபோது மணி 4.50. என் டார்ச் எரியவில்லை. பேட்டரி மாற்ற உட்கார்ந்தேன்.

"நான் முன்னால போறேன் மாமா."

பத்தடி போவதற்குள் ஆளைக் காணோம்.

5.05-க்கு நான் கரைக்கு வந்தேன். விசிலடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன்.

வந்தது... மூன்று இழுப்பு. நேர் எதிரே.

அந்தப் பக்கம் நடந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. மறுபடி மூன்று இழுப்பு. இன்னும் கொஞ்சம் தள்ளி.

பின்னால், கரைப்பக்கம், மெல்லிதாக இன்னொரு விசில். எதிரொலி என்று நினைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. அத்தனை வாத்துகள் அடையும் ஏரி. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"மச்சான்... எங்க இருக்க?" வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

மூன்று இழுப்பு. என் காதோரம்.

சட்டென்று டார்ச்சைத் திருப்பினேன்.

யாரும் இல்லை.

கம்பம். அதில் பெட்டி. தண்ணீர்... அசையவே இல்லை.

கரையை நோக்கி ஓடினேன்.

வெளிச்சம் வந்த பிறகுதான் அவனைப் பார்த்தேன். கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. சேறு கழுத்துவரை இழுத்திருந்தது. முகம் தண்ணீருக்குள். உதடுகள் விசிலடிக்கக் குவிந்தபடியே இருந்தன. பின்னால் கேட்டது எதிரொலி இல்லை. நான் அவனைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

வீட்டு வாசலில் நின்றேன். என் மனைவி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெட்டியை எடுத்துக் கேட்டேன். கட்டிய முதல் இரவே, ஏதோ ஒன்று மூன்று இழுப்பை முயன்று பார்த்திருக்கிறது. கரகரவென்று, தப்பும் தவறுமாக. அடுத்த இரவு கொஞ்சம் தேறியிருந்தது. ஒவ்வொரு இரவும் பழகியிருக்கிறது. கடைசியில் அச்சு அசல் அவன் விசில்.

குரல் திருடும் பறவைகள் உண்டு. அப்படி ஏதோ ஒன்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்றைய பதிவையும் போட்டேன். 4.56. நான் அப்போது வண்டியில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டு இழுப்பு. என் விசில். குக்கர் மாதிரியே.

அதற்குப் பிறகு தூரத்தில் மச்சானின் குரல்.

"அதுக்குள்ள முன்னால போயிட்டீங்களா மாமா? நில்லுங்க... வர்றேன்."