ஒரு முழங்காலுக்கு இரண்டு கட்சி

நான் பாஸ்கெட்பால் ஆடியவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பேசிய பேச்சுக்கு, களத்தில் இறங்கிய ஐந்து பேரில் நானும் ஒருவன் என்று நினைத்துவிடுவீர்கள். கல்லூரியில் எங்கள் வேலை சாக்குப் பிடிப்பது. தென்காசியில் சீசன் நேரத்துச் சாரல் சொல்லிக்கொண்டு வராது. ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கையில் சிமெண்ட் தரை நனைந்து கிடக்கும். நாங்கள் ஏழெட்டுப் பேர் காலிச் சாக்குகளோடு குனிந்து ஓடித் துடைப்போம். துடைத்து நிமிர்ந்தால் மறுபடி தூறும். இப்படி இடுப்பு ஒடியத் துடைத்ததால், அந்த டீமைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எங்களை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாம் வருஷம் ஆவணியில் அரையிறுதி. எங்கள் டீமின் நெட்டையன் குத்துக்கல்வலசைக்காரன். அப்பா ரிட்டயர்டு ஏட்டு, அண்ணன் ராணுவத்தில். அந்த வீட்டில் யூனிபார்ம் போடாத ஆம்பளை கிடையாது. இவனும் படிப்பு முடிந்ததும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸுக்குப் போவது என்று பேசி முடித்திருந்தது. அன்று கடைசி நிமிஷங்களில் பந்துக்கு எழும்பியவன் எதிர் டீம்காரனின் பாதத்தின் மேல் இறங்கினான். இடது முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. தரை காய்ந்துதான் இருந்தது, எங்கள் சாக்கின் மேல் பழி இல்லை. யாரும் கேட்காமலேயே இதை அன்று பத்துப் பேரிடம் சொன்னேன்.

பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டர் பார்த்தார். ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் காலை அலட்டக் கூடாது என்றார். பொறுமையாக இருந்தால் போலீஸ் செலக்‌ஷன் ஓட்டத்துக்குள் கால் தேறிவிடும், அவசரப்பட்டால் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றும் சொல்லி அனுப்பினார். பைனலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மேலகரத்தில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் அன்று சாயங்காலமே இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். அவன் இல்லாவிட்டால் டீமே இல்லை என்ற கட்சிக்கு நான் தலைவன். எதிர்க்கட்சிக்கு, வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் வகுப்புத் தோழன். அந்த வருஷத்து ஆட்டங்களின் ஸ்கோர் முழுவதையும் அவன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

"அவன் உள்ள இருந்தா மத்த நாலு பேரும் அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கானுவ. பந்து அவன் கைக்குப் போவுது, அங்கனயே நின்னுருது. அவன் வெளிய உக்காந்த நேரத்தப் பாரு, அத்தன பேரும் ஓடுதானுவ" என்றான்.

"ஓடி என்னத்தக் கிழிச்சானுவ? வளையத்துல பட்டுத் தெறிக்குற ரீபவுண்டு பந்த எவன் எடுப்பான், ஒங்கப்பனா?"

"நோட்டப் பாருலே."

"நோட்டக் கொண்டுபோய் அடுப்புல வையி."

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கடைக்கார அண்ணாச்சிக்கு அந்த வாரம் பஜ்ஜி மாவு பத்தவில்லை.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு செங்கோட்டை வரை போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வருவேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்க?" என்று அம்மா திட்டினாள். இத்தனைக்கும் நான் ஆடப்போகும் ஆட்டமா அது? இல்லை. ஆனால் தோற்றால் அந்த நோட்டுக்காரன் முன்னால் நான் எப்படி நிற்பது என்ற ஒரே கவலை என்னை அரித்தது. அன்று இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். டீம் மேல் உள்ள பாசம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தினமும் மத்தியானம் குத்துக்கல்வலசைக்குப் போவேன். நெட்டையன் காலுக்குத் தலையணை கொடுத்துக் கட்டிலில் கிடப்பான். "இன்னைக்கு என்னலே சொன்னானுவ?" என்பதுதான் முதல் கேள்வி. நான் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். எதிர்க்கட்சி சொன்னது, அதற்கு நான் கொடுத்த பதிலடி, எல்லாம் அதே சத்தத்தில். அவனுக்குத் தெம்பு கொடுப்பதாக எனக்கு நினைப்பு. ஒருநாள், "நான் வெளிய உக்காந்தப்ப எத்தன பாயிண்டு வந்திருக்குன்னு அந்த நோட்டுல இருக்கா?" என்று கேட்டான். இருந்ததைச் சொன்னேன். காலுக்கு அடியில் இருந்த தலையணையை இழுத்துச் சரிசெய்தான். கால் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. தலைவலி, இடுப்புப் பிடிப்பு, தூக்கமின்மை, பரீட்சையில் தோல்வி, எதுவானாலும் எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்தில் அரை மணி நேரம் நின்றால் சரியாகிவிடும் என்போம். வெளியூர்க்காரன் குளிக்க வருவான், நாங்கள் வைத்தியத்துக்குப் போவோம். டாக்டர் சொன்னது மனதில் இல்லாமல் இல்லை. ஆனால் டாக்டர் பாளையங்கோட்டைக்காரர், அருவியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. "வாரியா, அருவிக்குப் போவோம்?" என்று கேட்டேன். அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. காலேஜில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, என் பைக்கின் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் முழங்காலைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"அடிபட்ட காலா தம்பி? டாக்டர்ட்ட காட்டினியளா?"

"சும்மா சுளுக்கு அண்ணாச்சி" என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஜவ்வுன்னா நான் தொடமாட்டேன். இப்பமே சொல்லிருங்க."

"சுளுக்குதான்."

அவர் தேய்த்தார். நல்லா அழுத்தித்தான் தேய்த்தார், சுளுக்குக்கு அப்படித்தான் தேய்ப்பார்கள். அவன் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் நேராக முழங்காலில் விழும்படி நிறுத்தினேன். வெளியே வந்தபோது பல் தந்தியடித்தது. "வலியே தெரியலலே" என்று சிரித்தான். அந்தக் குளிரில் எந்தக் காலுக்குத்தான் வலி தெரியும்? எனக்கு அது உறைக்கவில்லை. வீக்கமும் வற்றியது போலவே தெரிந்தது. அன்று என்னைப் போல் சந்தோஷமானவன் குற்றாலத்தில் இருந்திருக்க மாட்டான். அடுத்தடுத்த நாட்களிலும் இரண்டு முறை கூட்டிப்போனேன்.

பைனல் அன்று அவன் பி.டி. மாஸ்டர் முன்னால் மூன்று தடவை எம்பிக் குதித்துக் காட்டினான். மாஸ்டர் அரை மனதாகத்தான் இருந்தார். "நல்லாத்தான் சார் இருக்கான்" என்று சாக்கும் கையுமாக நின்ற நான் சொன்னேன். யாரும் கேட்காத இடத்தில் சாட்சி சொல்வது என் சுபாவம்.

எட்டு நிமிஷம் ஆடினான். நான்கு ரீபவுண்டு எடுத்தான். ஒவ்வொன்றுக்கும் நான் வாசுதேவநல்லூர்க்காரன் பக்கம் திரும்பிப் பழிப்புக் காட்டினேன். நான்காவதுக்குப் பழிப்புக் காட்டித் திரும்பும்போது நெட்டையன் தரையில் கிடந்தான். யாரும் அவனைத் தொடவில்லையாம், பந்தோடு திரும்பியதும் கால் விட்டுவிட்டதாம். அவன் கத்தவில்லை, தரையைக் கையால் அடித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் துடைக்கும் சாக்கை விரித்து, அதில் வைத்துத்தான் தூக்கினோம்.

அதன் பிறகு மற்றவர்கள் ஓடினார்கள். நோட்டில் எழுதியிருந்தது போலவே ஓடினார்கள். பதினொரு பாயிண்டில் ஜெயித்தோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. உள்ளே அவன் காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே நின்று, அந்த எட்டு நிமிஷத்தில் அவன் எதிராளிகளுக்கு மூச்சு வாங்க வைத்ததால்தான் மற்றவர்கள் ஜெயித்தார்கள் என்று வாதாடிக்கொண்டிருந்தேன். வாசுதேவநல்லூர்க்காரன் எக்ஸ்ரே அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகுதான் வாயை மூடினேன்.

ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். போலீஸ் செலக்‌ஷன் நடந்த அன்று அவன் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான். அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அருவிக்குப் போனது அவருக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

இப்போது அவன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். குத்துக்கல்வலசைப் பக்கம் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருப்பதால் வியாபாரம் மோசமில்லை. கல்லாவுக்குப் பின்னால் அப்பாவும் அண்ணனும் யூனிபார்மில் நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. பழைய கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. சீசன் தொடங்கினால் யாராவது அந்தப் பைனலைக் கிளறுவார்கள், உடனே இரண்டு கட்சியும் கிளம்பிவிடும். அவனும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறான், எல்லாவற்றையும் படிக்கிறான், ஒன்றும் எழுதுவதில்லை.

இந்த ஆடியில் என் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் எடுக்கப் போனேன். கடையில் வேறு ஆளில்லை. ஒவ்வொரு டைல்ஸாக எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன்.

"அன்னைக்கு அருவிக்கரையில அந்த அண்ணாச்சிட்ட நான் பொய் சொன்னம்லா. சுளுக்குன்னு."

"பக்கத்துலதான நின்னேன். எனக்குக் காது கேக்காதா?"

"பொறவு நீ ஏன் வாயத் தொறக்கல?"

அவன் கையிலிருந்த டைல்ஸைத் துணியால் துடைத்தான்.

"நீதான டெய்லி வந்து சொல்லுவ. நான் இல்லன்னா டீம் இன்னும் நல்லா ஆடும்னு அந்த நோட்டுக்காரன் சொல்லுதான்னு. படுத்துக் கெடக்கும்போது அதே நெனப்பு. தோத்துருவானுவளோன்னு எனக்குப் பயம் இல்லலே. நான் இல்லாம ஜெயிச்சிருவானுவளோன்னுதான் பயம்."

அவனுக்காகப் பேசியதாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். வாசுதேவநல்லூர்க்காரன் டீக்கடையில் விட்டுவிட்டுப் போன பேச்சை, வேலை மெனக்கெட்டு அந்தக் கட்டில் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அத்தனை பேசினோமே, அந்தப் பன்னிரண்டு நாளில் ஒருநாளாவது கால் எப்படியிருக்கிறது என்று அவனிடம் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் வரவில்லை.

"இப்பமும் கால் வலிக்குதாலே?" என்று கேட்டேன்.

"சாரல் விழுந்தா வலிக்கும்" என்றான்.

ஆனி தொடங்கி ஆவணி வரை எங்கள் ஊரில் சாரல் விழாத நாள் குறைவு.