எழவு விசாரித்த டாக்டரம்மா

மகன் கரும்புக் கொல்லையிலிருந்து நேரே என்னிடம் வந்தான். கால் சேற்றைக்கூடக் கழுவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு காதோரமாகச் சொன்னான்: "வேதவல்லி டாக்டரம்மா போயிட்டாங்கப்பா. கள்ளக்குறிச்சியிலேர்ந்து போன் வந்துச்சி." எங்கள் ஊரில் சாவுச் சேதியைத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் எதையும் மெதுவாகத்தான் சொல்வோம். அதைப் பழக்கிவிட்டுப் போனவரே அவர்தான்.

அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கல்வராயன் மலையில் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஈ.சி.ஜி. பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்தார். ஓடி ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளை திடீரென்று விழுந்து செத்துப்போகிறதே, அந்தக் கோளாறு எந்த நெஞ்சில் இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்துவிடத்தான். ஒயரை ஒட்டிப் பார்த்ததோடு விடமாட்டார். உங்கள் வீட்டில் சின்ன வயதில் திடீரென்று செத்தவர்கள் உண்டா என்று பெற்றவர்களைக் கேட்பார். மலையில் ஒரு ஊர்ப் பெரியவர், "புள்ளைக்கு நெஞ்சு பாக்க வந்தியா, எழவு விசாரிக்க வந்தியா?" என்று சீறியதை அவரே சிரித்துக்கொண்டு எனக்குச் சொல்லியிருக்கிறார். "எழவு விசாரிக்கத்தான் வந்தேன். மறுபடி ஒண்ணு விழக்கூடாதுன்னு வந்தேன்" என்றாராம் இவர்.

ரிஷிவந்தியம் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் என் பேத்தி கோமதிக்கும் ஒயர் வைத்த அன்று, பள்ளிக்கூடம் விட்ட பிறகு டாக்டரம்மா கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. நான் வேப்பமரத்தடியில் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் கோமதியின் ஈ.சி.ஜி. தாள்.

"துடிச்சிட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராவறதுக்கு இந்தப் புள்ள நெஞ்சு ஜாஸ்தி நேரம் எடுக்குது, பெரியவரே. உங்க வம்சத்துல யாராச்சும் சின்ன வயசுல பொசுக்குனு போயிருக்காங்களா?"

என் மருமகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாங்கம்மா இது, வூடு தேடி வந்து செத்தவங்க கதைய கேக்கறீங்க? பொட்டப்புள்ள இருக்கற வூடு. நெஞ்சு நோவுன்னு பேர் கெளம்புனா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"மொதல்ல நாளைக்கு அவ இருக்கணும். எவன் கட்டுவான்னு அப்பறம் பாக்கலாம்."

நான் சொன்னேன். என் தம்பி தங்கவேலு எங்கள் கிணற்றில் குதித்தான், பிணமாகத்தான் எடுத்தோம். எத்தனையோ வருஷம் கழித்து என் மூத்த பிள்ளை ஏழுமலை, அதே கிணறு, அதே மாதிரி. கிணறு காவு கேட்கிறது என்றார்கள். ஆடு வெட்டிப் பூசை போட்டு, முள்ளை வெட்டி அடைத்துவிட்டோம்.

"நீச்சல் தெரியாதவங்களா?"

"இன்னாம்மா அப்பிடி கேட்டுட்ட? ரெண்டு பேரும் மீனாட்டம் நீந்துவானுங்க."

டாக்டரம்மா முகம் மாறியது. "கோமதி எங்க?"

"கெணத்துக்குக் குளிக்கப் போயிருக்கா" என்றாள் மருமகள். "நீங்க பயப்படாதீங்க. அந்தக் கெணறு இல்ல, கீழண்ட கெணறு. அது நல்ல கெணறு."

"கெணறு கொல்லலம்மா! தண்ணில குதிச்சதும் நெஞ்சு தாளம் தப்பிடுது. எந்தக் கெணறா இருந்தா இன்னா?"

சொல்லிக்கொண்டே ஓடினார். அந்த வயதில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பு மேல். செருப்பு ஒரு பக்கம் கழன்று போனது, நிற்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். கீழண்டைக் கிணற்று மேட்டில், தாவணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, குதிக்கிற வாக்கில் நின்றுகொண்டிருந்தாள் கோமதி. தண்ணீருக்குள்ளிருந்து பிள்ளைகள், "குதிடி, இன்னாடி யோசிச்சிக்கினு இருக்க!" என்று கேலி பண்ணுகின்றன.

நான் அவள் பேரைக் கத்த வாயைத் திறந்தேன். டாக்டரம்மா உள்ளங்கை என் வாயை மூடியது. "கத்தாதீங்க. திடீர்னு சத்தம் கேட்டாலும் தாளம் தப்பும்" என்றார், மூச்சிலேயே. பேர் என் தொண்டையில் நின்றது. அங்கே அவள் காலை மடக்குகிறாள்.

அவர் ஓட்டத்தை விட்டுவிட்டு நடந்தார். காய் வாங்க வந்தவர் மாதிரி மெதுவாக. கிட்டப் போய், மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாப்பா, கால்ல முள்ளு ஏறிடுச்சி. கொஞ்சம் எடுத்து வுடறியா?"

கோமதி திரும்பிப் பார்த்தாள். இறங்கி வந்து அவர் காலை மடியில் வைத்துக்கொண்டாள். முள் நிஜமாகவே இருந்தது, செருப்பில்லாமல் ஓடிய காலாயிற்றே. அவள் முள்ளைத் தேட, இவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வீட்டில் எல்லோருக்கும் ஒயர் வைத்தார். என் நெஞ்சிலும் அதே கோணல். "உங்களை மட்டும் எப்பிடி வுட்டுச்சி?" என்றார். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம், நீச்சலே கற்கவில்லை, பயந்தாங்கொள்ளி என்று தம்பி கேலி பண்ணுவான் என்றேன். "அந்தப் பயத்துக்கு ஒரு மாலை போடுங்க" என்று சிரித்தார். கோமதிக்கு மட்டும் சிரிப்பில்லாமல் சொன்னார்: "சாமி குத்தமும் இல்ல, கெணத்துக் குத்தமும் இல்ல. மாத்திரைய மட்டும் ஒருநாளும் நிறுத்தாத." அவள் நிறுத்தவில்லை. கட்ட மாப்பிள்ளையும் வந்தான், எல்லாம் தெரிந்துகொண்டே.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை. போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு பையன் பந்து விளையாடும்போதே விழுந்து செத்தான். துக்கத்துக்குப் போன இடத்தில், "இதுக்கு முன்னால உங்க வூட்ல யாராச்சும் இப்பிடிப் போனாங்களா?" என்று கேட்டேன். "எழவு வூட்ல கேக்கற கேள்வியாய்யா இது?" என்று சட்டையைப் பிடிக்க வந்தார்கள். அவர் மலையில் சொன்ன பதிலையே சொன்னேன். செத்தவனின் தங்கையை அழைத்துக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள். பிள்ளை நெஞ்சு நன்றாக இருக்கிறதாம். போன் பண்ணி டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நீங்களும் எழவு விசாரிக்கக் கெளம்பிட்டீங்களா, பெரியவரே?" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதுகிறவள் கோமதிதான். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து அவள் கிட்டப் போய், மெதுவாக அவள் பேரைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள்.