பாதி உயரத்தில் அளந்தது

மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் தட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருடமாகக் காலையில் வந்ததும் அவளுக்கு முதல் வேலை தட்டு எண்ணுவது.

சாப்பாட்டுத் தட்டு இல்லை. சாண் நீள எஃகுக் குழாயில் வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மாத்திரைக் கரைசலை அதற்குள் செலுத்தினால், கலந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வந்து, திரையில் ஆளுக்கொரு கூம்பாக எழும். கூம்பு ஒல்லியாக இருந்தால் குழாய் நன்றாகப் பிரிக்கிறது என்று அர்த்தம். வெளிவந்த நேரத்தையும் கூம்பின் அகலத்தையும் வைத்துப் போடும் கணக்குக்குத்தான் தட்டு என்று பெயர். குழாயைப் பிளந்து பார்த்தாலும் உள்ளே ஒரு தட்டும் கிடைக்காது. எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குக் கீழே போனால் அந்தக் குழாய் ஆகாது.

அகலத்தை அவள் எப்போதும் கூம்பின் அடியில்தான் அளப்பாள். கம்ப்யூட்டரை அவள் லேசில் நம்ப மாட்டாள். அச்செடுத்து, ஸ்கேல் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு முறை சரிபார்ப்பாள். சின்னப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குக் குழாய் ஆயிரத்துத் தொள்ளாயிரம்தான் காட்டியது. கூம்பின் பின்பக்கம் வால் நீண்டிருந்தது. புதுக் குழாய் கேட்டு இரண்டு மாதம் ஆகியும் வந்தபாடில்லை. வாசலில் மாத்திரைப் பெட்டிகளோடு லாரி நின்றது. மேலாளர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், குரலை உயர்த்தவே தெரியாதவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் மறுத்துப் பேச முடிவதில்லை.

"பாதி உயரத்துல அளந்து பாருங்கக்கா. விதிப் புத்தகத்துல அதுவும் இருக்குல்ல?"

இருந்தது. பாதி உயரத்தில் வால் கணக்கில் வராது. இரண்டாயிரத்து நானூறு என்று வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள், லாரி கிளம்பியது.

மூன்று வாரம் கழித்துப் புதுக் குழாய் வந்தது. யாரும் கேட்காமலே, எடுத்து வைத்திருந்த அதே மாத்திரையின் மாதிரியை அதில் ஓட்டினாள். வால் என்று நினைத்தது வால் இல்லை. பெரிய கூம்பின் நிழலில் ஒண்டியிருந்த இன்னொரு கூம்பு அது, ஈரலைக் கெடுக்கும் மாசுப்பொருள். அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு.

தாளை மேலாளர் மேசையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, இதை ஓட்டச் சொன்னது யார் என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சார். அன்னிக்குப் போட்ட கையெழுத்து என்னோடது."

மருந்தைத் திரும்பப் பெற உத்தரவு போனது. பத்துப் பெட்டிக்கு மூன்று திரும்பி வந்தது. மீதி யார் யார் வயிற்றுக்குள்ளோ போய்விட்டது. விசாரணையில் அளந்தது யார் என்று கேட்டார்கள், நான் என்றாள். அளக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

வேலை போன செய்தியை மகளிடம் சொன்னாள். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த மருந்து, எந்தத் தயாரிப்பு எண் என்று விசாரித்தாள்.

"எங்க வார்டுல அதைத்தாம்மா கொடுத்தோம். நானேதான் எல்லார் கையிலயும் கொடுத்தேன்."

அவங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியல கண்ணு," என்றாள்.