ஜபீன் லாத்தா விசாரித்த மாப்பிள்ளைகளும் ஒரு தோழியும்

கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் நைட்டியும் சுடிதார் துணியும் விற்கும் என் அக்கா ஜபீன் லாத்தாவுக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் வந்தாலும், மாப்பிள்ளையை விசாரிக்க முதலில் அவளைத்தான் அனுப்புவார்கள்.

லாத்தா மாப்பிள்ளையின் தெருவுக்குப் போய், மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். வாடகைக்கு வீடு தேடுவதாகச் சொல்லி எதிர்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். பால் எங்கே வாங்குகிறீர்கள், பக்கத்து வீட்டில் யார், தெருவில் சத்தம் போடுகிறவர்கள் உண்டா என்று பேச்சு போகும். துபாயில் மேனேஜர் என்று வந்த ஒருவனுக்கு ஊத்துக்கோட்டையில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பதை அவனுடைய டெய்லரிடம் பேசியே தெரிந்துகொண்டு வந்தாள்.

"விசாரிச்சா கோவப்படறவன் ஊட்டுக்குப் பொண்ணு குடுக்காதே. நல்ல ஊடா இருந்தா, 'வாங்க, நாஷ்டா துன்னுட்டு நிதானமா விசாரிங்க'ன்னுதான் சொல்வாங்க" என்பாள்.

அவளுடைய தங்கை நான். ஜார்ஜியா, துருக்கி, வியட்நாம் என்று முதுகில் ஒரு பையோடு பல வருடம் திரிந்தேன். எந்த ஊரிலும் ஒரு மாதம் தாண்டினால் எனக்குக் கால் அரிக்கும். அரிப்பு நிற்காமலே கையிருப்பு நின்றுபோனதால் திரும்பி வந்து, இப்போது கடைக்கு மேலேயே, லாத்தா வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அறையின் பெரும்பகுதி நைட்டி பண்டல்களுக்கு, மிச்சம் எனக்கு.

நான் வந்த சமயம் பார்த்து, லாத்தா மகள் இர்பானாவின் டியூஷனில் ஒரு கலவரம். கூடப் படிக்கும் பெண்ணிடம் போன் விளையாட்டின் சாட்டில் யாரோ சிநேகமாகப் பேசி, போட்டோ வாங்கி, பிறகு அதை வைத்தே மிரட்டியிருக்கிறான். அந்தப் பெண்ணைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் லாத்தாவின் கணவர் ஹனீப் மச்சான் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் தீர்ப்புச் சொன்னார்.

"நம்ம ஊட்ல இந்த மாதிரி ஒரு பேஜாரு வந்துச்சுன்னு வெச்சிக்கோ, போனு ஆரணி ஆத்துல. ஸ்கூலும் கட்டு."

எட்டாவது படிக்கும் இர்பானா முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரஷீதா, நீ ஒலகமே சுத்துனவ. இவ யார் யாராண்ட பேசிக்கினு கீறான்னு கொஞ்சம் பாரு" என்றாள் லாத்தா. உலகம் சுற்றியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் எனக்கு ஒரு பதவி கிடைத்ததே பெரிது.

முதல் வேலையாகக் குழந்தைகளின் போனைப் பூட்டும் ஆப் ஒன்றைப் போட்டேன். சாயங்காலம் ஷிப்ட் விட்டு, கம்பெனிப் பெண்கள் கடையில் நெருக்கியடித்து நிற்கும்போது லாத்தாவின் போன் இருண்டது. 'தூங்கும் நேரம். அம்மாவிடம் அனுமதி கேட்கவும்.' இர்பானாவின் போனுக்குப் பதிலாகக் கடைப் போனைப் பூட்டியிருக்கிறேன்.

"உம்மா மவுத்தாயி எத்தினி வருசமாச்சு! நான் யாராண்டடீ போயி கேக்கறது?" என்று லாத்தா கீழிருந்து கத்தினாள்.

இரண்டாவது திட்டம் இதைவிட உயர்ந்தது. இர்பானாவும் ஆடும் அந்த விளையாட்டில் 'நிலா13' என்ற பெயரில், பொன்னேரியில் இருக்கும் பதிமூன்று வயதுப் பெண்ணாக நுழைந்தேன். இர்பானா ஏமாறுகிறாளா என்று பார்க்க வேண்டும். கெட்டவர்கள் என்ன கேட்பார்கள் என்று படித்துவைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். உன் போனை அம்மா பார்ப்பார்களா? தனி ரூமா? போட்டோ அனுப்பேன்.

அவள் பதிலே சொல்லாமல் கேள்விகளாகத் திருப்பினாள். எந்தத் தெரு? எந்த ஸ்கூல்? பக்கத்து வீட்டில் யார்? நான் சளைக்காமல் அளந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் பேசுவதாகக் காட்ட, பஸ் ஸ்டாண்டு எதிரில் பிரவுசிங் சென்டரில் இருக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதோடு அவள் போய்விட்டாள். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தவள், கடையில் நான் இருக்கும்போதே போனை லாத்தாவிடம் நீட்டினாள். "உம்மா, ஒரு ஆளு சின்னப் பொண்ணுன்னு சொல்லிக்கினு என்னாண்ட பேசுது."

லாத்தா உரக்கப் படித்தாள். நைட்டி பார்த்துக்கொண்டிருந்த செல்வியும் எட்டிப் பார்த்தாள். சிப்காட்டில் பேக்கிங் வேலை செய்கிறவள், கடையின் பழைய வாடிக்கை.

"பிரவுசிங் சென்டராமே!" என்றாள் செல்வி. "அதெல்லாம் மூடி எந்தக் காலம் ஆச்சு. ஆளுக்கு அம்பது வயசு இருக்கும்க்கா."

"பேச்சைப் பாரேன், வழியறான். பொண்டாட்டி இல்லாதவன்" என்று லாத்தா ஜாதகமே கணித்தாள். "இரு, போலீசாண்ட குடுக்கலாம்."

எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. "லாத்தா… அது நான்தான்" என்றேன்.

செல்வி கையிலிருந்த நைட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லாத்தாவும் தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள். இர்பானா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்ப அந்த தியாவும் நீதானா சாச்சி?"

"எந்த தியா?"

கேட்டபோதே அவள் முகம் மாறியது. "நீதான்னு சொல்லேன்" என்றாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு 'நான்தான்' என்கிற அந்த ஒரு பொய்யாவது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

தியா அவளுடைய விளையாட்டு அணியில் இருக்கிறவள். ரொம்ப நல்ல மாதிரி. விளையாட்டில் வரும் பொம்மைக்கு உடைகள் பரிசு தருவாள். லாத்தா சொல்லித்தந்த கேள்விகளை அவளிடம் கேட்டபோது, 'என்னை நம்பலையா?' என்று கோபித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். பயந்துபோய் இர்பானா மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். யூனிபார்மோடு ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கிறாள். இப்போது வேறு மாதிரி போட்டோ வேண்டுமாம். அம்மாவிடம் சொல்லக் கூடாதாம்.

லாத்தாவின் கை போனைப் பிடுங்கப் போனது. அறைவதற்கும் ஓங்கியிருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. பாதியில் அந்தக் கை நின்று, மகளின் தோளில் இறங்கியது.

"அந்த யூனிபார்ம் போட்டோதானா? வேற எதுவும் குடுக்கலையே?"

"இல்ல உம்மா. வாப்பா போனை ஆத்துல போட்டுடுவாருன்னுதான் சொல்லல."

தியாவை அங்கேயே நாலு வார்த்தை திட்டிவிட்டு எல்லாவற்றையும் அழிக்கப் பார்த்தாள் லாத்தா. நான் தடுத்தேன். திட்டினால் ஆள் உஷாராகிவிடுவான், அழித்தால் ஆதாரம் போய்விடும். தியா எழுதிய அத்தனையையும் படமெடுத்து வைத்தோம். பிறகுதான் பிளாக் செய்தோம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசி, அவர்கள் சொன்னபடி சைபர் கிரைமுக்குப் புகாரும் அனுப்பினோம். என் பதவிக்காலத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். செல்வி நைட்டி வாங்காமலே எங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் ஷிப்ட் முடிந்து வந்தார். கேட்டதும் அவர் கை நேராகப் போனுக்குத்தான் போனது. லாத்தா அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி அவளே வந்து சொன்னா. இதைப் புடுங்கி ஸ்கூலையும் நிறுத்தினீங்கன்னா, அடுத்த வாட்டி யாராண்ட சொல்லுவா? அந்தத் தியாவாண்டதான் போயி சொல்லுவா."

"அப்ப இன்னா பண்ணணும்ன்ற?" என்று மச்சான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல, சொன்னதுக்காக ஆத்துல போட மாட்டேன்னு அவளாண்ட சொல்லுங்க."

அவர் சொல்வதற்கு நேரம் பிடித்தது. ஆனால் சொன்னார். இர்பானா பள்ளிக்குப் போகிறாள். போன் கடையில், லாத்தாவின் கண்ணெதிரே சார்ஜ் ஏறுகிறது. விளையாட்டில் புதிதாக யார் சிநேகம் கேட்டாலும், அவர்கள் அம்மாவோடு லாத்தா பேச வேண்டும். கோபித்துக்கொண்டால் சம்பந்தம் முறிந்தது. தியா யாரென்று இன்னும் தெரியவில்லை, விசாரணை நடக்கிறது என்கிறார்கள்.

நிலா13-ஐயும் இர்பானா அன்றைக்கே பிளாக் செய்துவிட்டாள். எடுத்துவிடேன், சாச்சிதானே என்று கேட்டுப் பார்த்தேன்.

"உம்மா இன்னும் விசாரிச்சு முடிக்கல சாச்சி" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் கோபப்பட்டுவிடக் கூடாதே என்று சிரித்தபடி, "நாஷ்டா துன்னுட்டு நிதானமா விசாரிங்க" என்றேன்.