நான் கழுவி வைத்த கோப்பை

போன வருடம் ஒக்டோபர் மாதம், ஒஸ்லோவில் நான் துப்புரவு வேலை செய்யும் இசை மண்டபத்தில் இது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும்.

நான் அதிகம் கதைக்காத ஆள். நகரின் ஓரத்தில் இருக்கும் ஸ்டோவ்னரில் இருந்து ரயிலில் வருவேன், வாளியை எடுப்பேன், யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நிற்பேன். அங்கே பதினொரு வருடம் வேலை செய்தும், பாட வந்தவர்களில் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச ஆங்கிலமும் வராது.

அன்று படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேடையில் ஒத்திகை தொடங்கியது. முதல் வரி காதில் விழுந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பாட்டு!

நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பனி, இருட்டு, ஒருவரையும் தெரியாது. அங்கே வானொலி காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் எத்தனையோ தடவை இந்தப் பாட்டு வரும். நாலு பெண்களின் குரல். மூன்று குரல்கள் மேலே ஏறி விளையாடும். நாலாவது குரல் அடியில் நின்று அவற்றைத் தாங்கும். சொல் ஒன்றும் விளங்காது. ஆனால் மீனின் தலையை வெட்டுகிற கை அந்தத் தாளத்துக்குத்தான் போகும். அந்த நாலாவது குரலோடு நானும் முனகுவேன். இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது?

வாளியைப் போட்டுவிட்டு, மேடைக்கு விளக்கு அமைக்கும் பெண்ணிடம் ஓடினேன். அவள் சென்னைப் பிள்ளை. என் தமிழைக் கேட்டு எப்போதும் சிரிப்பாள்.

"பிள்ளை, ஆர் இவையள்?"

"லண்டன் குரூப் அக்கா, சோல் மியூசிக். சின்ன வயசுல சர்ச்ல ஒண்ணா பாடினவங்களாம். எங்கம்மா காலத்துல ரொம்ப ஃபேமஸ். அப்புறம் யாரும் கண்டுக்கல, பிரிஞ்சிட்டாங்க. ஒருத்தங்க பஸ் ஓட்டினாங்க, ஒருத்தங்க நர்ஸ். இப்பத் திரும்பச் சேர்ந்து ஊர் ஊராப் பாடுறாங்க."

"நாலு பேரெல்லோ?"

"மூணு பேர்தான் வந்திருக்காங்க. மைக் மட்டும் நாலு வைக்கச் சொன்னாங்க."

அது ஏன் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? சுத்தம் செய்யலாம். அவர்கள் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய் கண்ணாடி, மேசை, கதவுப்பிடி வரைக்கும் துடைத்தேன். மேசையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டைமேல் நீலப்பூப் போட்ட ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. உள்ளே தேத்தண்ணீர்க் கறை, விளிம்பில் கருஞ்சிவப்பாய் உதட்டுச்சாயம். எச்சில் கோப்பையை அப்படியே ஒருவர் முன் விட்டு வைப்பது எங்களுக்குப் பெரிய மரியாதைக்குறைவு. எடுத்துப் போய் சோடாத்தூள் போட்டுத் தேய்த்தேன். சாயம் லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். பளபளவென்று ஆக்கி அந்தக் கைக்குட்டைமேலேயே கவிழ்த்து வைத்தேன். கோப்பைக்குக் கீழே கைக்குட்டை மடித்து வைத்திருப்பதைப் பார்த்தாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அரைமணி நேரம் போகவில்லை, சென்னைப் பிள்ளை ஓடி வந்தாள்.

"அக்கா, பெரிய பிரச்சினை! அந்த ரூம்ல இருந்த கப்பை யாரோ கழுவிட்டாங்க. அது நாலாவது ஆளோடது. அவங்க செத்து மூணு வருஷமாச்சு. கடைசியாப் பாடின அன்னைக்கு அதுல டீ குடிச்சிருக்காங்க. அந்த லிப்ஸ்டிக்கோடவே எடுத்து வச்சு, போற இடமெல்லாம் நாலாவது மைக் கிட்ட வைப்பாங்களாம். இப்போ மூணு பேர்ல பெரியவங்க பாட மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. சாப்பாடு கொண்டு வந்த ஆளுங்க யாராவது கழுவியிருப்பாங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நான்தான் பிள்ளை கழுவினனான்."

"ஐயோ! சும்மா இருங்கக்கா, யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமெல்லோ. நீ வா, நான் சொல்லுறதை அவைக்குச் சொல்லு."

அறையில் மூன்று பேர், எல்லாரும் ஏறக்குறைய என் வயதுதான். பெரியவர் கோப்பையை மடியில் வைத்திருந்தார். நான் நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். மீன் தொழிற்சாலை, வானொலி, எச்சில் கோப்பை, எல்லாம். என் வாழ்நாளில் ஒரேயடியாக இவ்வளவு கதைத்ததில்லை.

பெரியவர் ஏதோ கேட்டார்.

"எப்படிப் போச்சுன்னு கேக்கறாங்க அக்கா."

"சோடாத்தூள். பிறகு நகத்தாலை சுரண்டினனான்."

மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பு வெடித்தது, மற்றவரும் சேர்ந்துகொண்டார். இறந்துபோனவர் பொல்லாத சுத்தக்காரியாம். பயணங்களில் எல்லாருடைய கோப்பையையும் பிடுங்கிக் கழுவுவாராம்.

"'மூணு வருஷமா என் கப்பை நாறப் போட்டீங்களாடி'ன்னு மேல இருந்து திட்டிட்டு இருந்திருப்பாளாம் அக்கா!"

பெரியவர் சிரிக்கவில்லை. விளிம்பை விரலால் தடவிக்கொண்டே அழுதார். பரவாயில்லை என்று அவர் சொல்லவேயில்லை. அது பரவாயில்லாத விஷயம்தான். நான் முனகியது எந்தக் குரலை என்று மட்டும் கேட்டார். வாயால் சொல்லத் தெரியவில்லை. முனகிக் காட்டினேன், இரண்டே வரி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து கோப்பையை என் கையில் தந்தார்.

"சூடா டீ ஊத்தி, ஏழு மணிக்கு நீங்களே கொண்டு போய் வைக்கணுமாம்."

"நானோ? மேடையிலையோ? ஐயோ மாதாவே!"

ஏழு மணிக்கு மண்டபம் நிறைய சனம். வேலைச் சட்டையோடு, ஆவி பறக்கும் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒன்பது அடி. ஒரு சொட்டு சிந்தியது. நாலாவது மைக்கின் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பெரியவர் பாடத் தொடங்கிவிட்டார்! திரைச்சீலைக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றேன். மூன்று குரலும் ஏறின. அடியில் ஒரு வெற்றிடம். நான் வாயைத் திறந்தேன். முனகவில்லை, பாடினேன். சென்னைப் பிள்ளை விளக்கை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போதும் எச்சில் கோப்பையைக் கண்டால் கை தானாக நீளும். ஆனால் கழுவுவதற்கு முன், இது யாருடையது என்று வாய் திறந்து கேட்கிறேன், அதைக் கேட்கப் பழக எனக்கு அறுபத்தாறு வயதாகிவிட்டது.