ஆறு பிள்ளை பெற்றவளின் சீரம்

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்டவளைத்தான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் நான் வேலை பார்த்த லேபிலிருந்து, பிள்ளை பெற்றவர்களிடம் நயமாகப் பேசி ரத்தம் வாங்கிவர அனுப்பினார்கள்.

சிறுநீரகம் மாற்றுவதற்கு முன், கொடுப்பவர் உடம்பும் வாங்குபவர் உடம்பும் ஒத்துப்போகுமா என்று வெள்ளையணுக்களை வைத்துப் பார்ப்பது எங்கள் வேலை. அந்த அணுக்களின் மேல் அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று என்று அடையாளங்கள் இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கும் தட்டு வெளிநாட்டிலிருந்து வரும். உள்ளங்கையளவு தட்டு, அதில் குட்டிக் குட்டிக் குழிகள், ஒவ்வொன்றிலும் அந்த ஊர்த் தாய் ஒருத்தியின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீர். அவர்கள் ஊருக்கு அது கச்சிதம். நம் ஆட்களின் ரத்தத்தைப் போட்டால் பல பேருக்கு ஓர் அடையாளம் தெரியும், இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில் பிளாங்க் என்று எழுதுவோம். கேளம்பாக்கத்துக்காரர் அணுவில் இருப்பது எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரத் தாயின் ரத்தத்துக்கு எப்படித் தெரியும்?

தாய்மார் எதற்கு என்று கேட்பீர்கள். வயிற்றுப் பிள்ளையில் பாதி அப்பன். அந்தப் பாதி தன்னுடையதல்ல என்று தாயின் ரத்தம் கண்டுபிடித்து, அதற்கு எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்ளும். ஆனாலும் பிள்ளையைப் பத்து மாதம் பத்திரமாகச் சுமக்கும். அடடா, என்ன உடம்பு இது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. சீரத்தில் தங்கும் அந்த எதிர்ப்பொருள், அதே அடையாளம் வேறு யார் அணுவில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். நிறையப் பிள்ளை பெற்ற நம்மூர்ப் பெண்களின் சீரம் கிடைத்தால் பிளாங்குகள் சில நிரம்பும் என்றார் எங்கள் டாக்டர்.

நோட்டும் கையுமாக சிங்கப்பெருமாள் கோவில் வரை அலைந்தேன். "எத்தனை குழந்தைம்மா?" என்று கேட்டதும் எல்லோரும் ஒரே வாயாக, "ரெண்டுதாங்க." இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிற்கும்போதே ரெண்டுதானாம்! குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று என்னை நினைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

சேலையூரில் வீடு கட்டும் இடத்தில் கலவை சுமந்துகொண்டிருந்த சித்தாள் ஒருத்திதான் உண்மை சொன்னாள்.

"இன்னாமே, ஆபரேசனுக்கு ஆள் புடிக்கிறியா? எனக்கு ஆறு. போன வருசமே நானே போய்ப் பண்ணிக்கினேன். இப்ப இன்னா அதுக்கு?"

விவரம் சொன்னேன். சட்டியை இறக்கிவிட்டு அப்படிச் சிரித்தாள். "அந்தாளுக்கும் எனக்கும் ஒத்துப்போவாதது ரத்தத்துலயே கீதா? நீ எட்துக்கோ!" வேலையில்லாத நாளில் தானே லேபுக்கு வந்து கையை நீட்டினாள். வெளிநாட்டுத் தட்டு பிளாங்க் என்று கைவிட்டவர்களில் பலரை அவள் சீரம் அடையாளம் கண்டுகொண்டது. எங்கள் டாக்டர் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் தன் தம்பியோடு வந்தார். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கொடுக்க அக்கா தயார். ஆனால் அவர் வீட்டுக்காரர், "முழுசா மேட்ச் ஆனா கையெழுத்துப் போடறேன். பாதிதான்னா, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு," என்று சொல்லிவிட்டாராம். அவரையும் குறை சொல்ல முடியாது.

தட்டில் இருவருக்கும் ஒரே அடையாளங்கள், இருவருக்கும் ஒரு பிளாங்க். ஆனால் தம்பியின் பிளாங்கும் அக்காவின் பிளாங்கும் ஒன்றா, வெவ்வேறா? தட்டுக்குத் தெரியாது. அப்பா அம்மாவின் ரத்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் இருவரும் உயிரோடு இல்லை.

சித்தாளின் சீரத்தை இருவர் அணுக்களிலும் விட்டேன். அடையாளம் பொருந்தினால் அணு செத்துச் சாயம் ஏறிக் கறுக்கும். பொருந்தாவிட்டால் உயிரோடு மினுமினுக்கும். தம்பியுடையது கறுத்தது. அடுத்து அக்காவின் குழியைப் பார்த்தேன். அதுவும் கறுப்பு. நம்பாமல் இன்னொரு முறை செய்தேன். அப்போதும் கறுப்பு! இருவர் பிளாங்கும் ஒன்றேதான், முழு மேட்ச்! நான் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடி வந்தார். ஆபரேஷன் பிறகு நன்றாகவே முடிந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்கி வைக்க முடியாது.

செய்தியைச் சொன்னபோது டீச்சர் அழவில்லை. "எப்ப அட்மிட் ஆகணும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்தம்மாவை நான் பார்க்கணுமே," என்றார்.

சேலையூருக்குக் கூட்டிப்போனேன். கலவைச் சட்டியோடு நின்றவளைப் பார்த்ததும் டீச்சர் கைகூப்பிவிட்டார். அவள் பதறிப்போய், சிமென்ட் கையாலேயே அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"என்னைக் கும்புடாத, டீச்சரம்மா. நான் குட்த்தது ரெண்டு நாள்ல ஊறிப்பூட்ச்சு. நீ குடுக்கப் போறது ஊறாது."

அதுவரை அழாத டீச்சர், அந்த மணல் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதார்.