மார்க்கரில் சட்டை தைத்தவர்

நூஹு காக்கா கறுப்பு மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி, பாடகியின் வெற்றுத் தோளுக்குச் சட்டை வரைவார். அடுத்த பக்கத்துப் பெண்ணுக்குப் பாவாடையைக் கணுக்கால்வரை இறக்குவார். "ஏம்புள்ளே, ஒங்க உம்மா ஒண்ணும் கேக்கமாட்டாவளா?" என்று படத்தையே அதட்டுவார். மனசு குளிர்ந்திருந்தால் காலர்கூட வைத்துக் கொடுப்பார். கலைஞர் அல்லவா!

காயல்பட்டினத்துக்காரர். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். வளைகுடாப் பக்கம், ஃபர்வானியாவில் புத்தகக் கடை பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுப் பத்திரிகை எதுவானாலும் தோளும் காலும் மறைந்த பிறகுதான் அலமாரி ஏறலாம். ஒன்று தப்பினாலும் விசா ரத்து என்று கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, கறாராகச் சொல்லியிருந்தார். அந்த விசாவை நம்பித்தான் மனைவி ஜுலைஹா பீவியும் மகள் நஜீஹாவும் இங்கே இருந்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்று, நாலில் துருக்கியிலிருந்து வந்த ஒரு பாட்டுப் பத்திரிகைக்கு இளசுகளிடம் அப்படி ஒரு மவுசு. துருக்கி மொழி ஒருத்திக்கும் தெரியாது. நடுவில் மடித்து வரும் பெரிய படத்துக்காகப் பெண் பிள்ளைகள் டிரைவரை உள்ளே அனுப்பிவிட்டுக் காரில் தவித்துக்கொண்டிருப்பார்கள். காக்காவின் விரலில் மை காயவே இல்லை. "தூக்கத்துலயும் சட்டை தச்சிட்டு ஈக்கிறேன் தம்பி" என்று என்னிடம் புலம்புவார்.

பிறகு பாட்டும் படமும் செல்ஃபோனுக்கே வந்துவிட்டன. பத்திரிகை மெலிந்தது, ஒரு நாள் நின்றும்போனது. துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்த கடைசிக் கட்டு மட்டும் மே மாத வெயிலில் வந்து இறங்கியது. "தொலஞ்சுது, அல்ஹம்துலில்லாஹ்! இத்தோட கலாஸ்!" என்று காக்கா குஷியாக எல்லாப் பக்கத்தையும் மூடித் தள்ளினார். ஆனால் இந்த முறை நடுப்படம் தனியாக, உள்ளே இருப்பது தெரியாதபடி ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் வந்திருந்தது. பிரித்தால் பிள்ளைகள் வாங்க மாட்டார்களே என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் நான் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தபோது சோதனை அதிகாரி நுழைந்தார். பக்கங்களைப் புரட்டித் தலையாட்டினார். பிறகு உறையைத் தூக்கிப் பிடித்து, உள்ளே என்ன என்று அரபியில் கேட்டார். காக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போச்சு தம்பி... நஜீஹா படிப்பு போச்சே" என்று என் கையைப் பிடித்தார். பிடியா அது, இடுக்கி!

அதிகாரி உறையைக் கிழித்துப் படத்தை விரித்தார். அது குளிர்கால இதழ். இஸ்தான்புல் பனியில் பாடகி நிற்கிறாள். கணுக்கால்வரை ஓவர்கோட்டு, கையுறை, காதை மூடிய கம்பளித் தொப்பி, வாய்வரை சுற்றிய மஃப்ளர். வெளியே தெரிந்ததெல்லாம் கண்ணும் மூக்கும்தான். "ஜெய்ன், ஜெய்ன்" என்று திருப்தியோடு கிளம்பிவிட்டார் அதிகாரி.

காக்கா அந்தப் படத்தின் முன்னால் நின்றார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "இந்த வெயில்ல இம்புட்டு உடுத்திட்டு வந்தியே, என் ராசாத்தி!" என்றவர், கைக்குக் கிடைத்த அட்டையை எடுத்து அவளுக்கு விசிறத் தொடங்கினார்.